தமிழ்ப் புத்தகம் சேர்த்ததும் நின்றுபோன பக்கம்: ஜாங்கோ கற்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பி.காம். முடித்துவிட்டு ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், மாலை வகுப்பில் பைத்தான் படித்தார். லூப், ஃபங்ஷன், டிக்‌ஷனரி, கொஞ்சம் கிளாஸ் வரை கை வரும். அடுத்து வெப் பக்கம் போகலாம் என்று, பைத்தானில் வலைச் செயலிகள் கட்ட அடித்தளம் தரும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவைத் தொட்டார். பயிற்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திருச்சியில் அவருடைய மாமா ஒரு சின்ன லெண்டிங் லைப்ரரி நடத்துகிறார். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தர வேண்டும், தாமதமானால் எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அதை ஒரு செயலியாக்கித் தருவதாக மாமாவிடம் சொல்லிவிட்டார்.

தொடங்கிச் சில வாரங்களில் என்னிடம் வந்தார். "அக்கா, எனக்கு ஜாங்கோ வரவே மாட்டேங்குது. வீடியோவைப் பார்த்து அப்படியே அடிக்கிறேன், அவங்களுக்கு ஓடுது, எனக்கு ஓடல. பேசாம ரியாக்ட்டுக்கு மாறிடட்டுமா?"

மாறுவதற்கு முன்னால், நின்றுபோன இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம் என்றேன். அப்படிப் பார்த்ததன் பதிவுதான் இது. அவர் ஜாங்கோவின் குற்றம் என்று நினைத்த சிக்கல்களில் பெரும்பாலானவை ஜாங்கோவில் இல்லை. சில பைத்தானில் இருந்தன, சில டேட்டாபேஸில், சில பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபியில், ஒன்றிரண்டு காலாவதியான பாடத்தில். எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பிரிக்கத் தெரியாததால், எல்லாமே ஒரே பெரிய சுவராக அவர் முன்னால் நின்றது. புதிதாக எந்த ஃபிரேம்வொர்க் படிப்பவருக்கும் நான் சொல்ல நினைப்பது இந்தப் பிரித்தறிதலைத்தான்.

ஏன் ஜாங்கோவிலேயே இருக்கச் சொன்னேன்

ஜாங்கோ ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவரும் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு' பத்திரிகையின் இணையப் பிரிவில், ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் இதை எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரைச் சூட்டினார்கள்.

இந்தப் பிறப்புக் கதை ஒரு புதியவருக்கு நேரடியாகப் பயன்படும். பத்திரிகை அலுவலகத்தில் நிரல் எழுதத் தெரியாத நிருபர்கள் தகவல்களை உள்ளிட வேண்டியிருந்தது. செய்தி வெளியாகும் நேரத்துக்குள் பக்கம் தயாராக வேண்டியிருந்தது. அதனால்தான் ஜாங்கோவில் அட்மின் பக்கம் கூடவே வருகிறது. எந்தத் தகவலை எந்த வடிவில் சேமிப்பது என்று சொல்லும் மாடல்களை எழுதி, பதிவுசெய்தால் போதும். சேர்க்க, திருத்த, நீக்கப் பக்கங்கள் தயார். ஒரு நூலகப் பதிவேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. ரியாக்ட் செய்யும் வேலை வேறு. அது திரையில் தெரிவதைக் கட்டுவதற்கானது. உறுப்பினர் பட்டியலை எங்கே சேமிப்பது என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. ரியாக்ட்டுக்கு மாறியிருந்தால், பின்புலத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டி வந்திருக்கும்.

ஒரு ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது எது வேகம், எது புதுசு, எதற்குச் சம்பளம் அதிகம் என்று கேட்பதற்கு முன்னால், அது யாருடைய எந்தத் தேவைக்காக உருவானது என்று பாருங்கள். கையில் இருக்கும் வேலை அதோடு ஒத்துப்போனால் பாதித் தூரம் அந்த ஃபிரேம்வொர்க்கே நம்மைத் தூக்கிச் செல்லும்.

முதல் தடை: பாடத்தின் வயது

அவர் பார்த்த வீடியோ பல ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் யூஆர்எல்களை எழுத, ஜாங்கோவின் கான்ஃப் தொகுப்பிலிருந்து 'யூஆர்எல்' என்ற ஃபங்ஷனை இம்போர்ட் செய்கிறார்கள். இவர் கணினியிலோ அந்தப் பெயரையே இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று எரர். காரணம் எளிது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் 'பாத்' என்ற புதிய ஃபங்ஷன் வந்தது. பழையதை 3.1இல் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். 2021 டிசம்பரில் வந்த 4.0இல் நீக்கியே விட்டார்கள். வீடியோவில் இருப்பவருக்கு ஓடியது உண்மை, இவருக்கு ஓடாததும் உண்மை. இருவரும் வெவ்வேறு ஜாங்கோவை வைத்திருந்தார்கள்.

இதைத் தேடிப்பிடித்துச் சரிசெய்த பிறகு, அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமாக வந்தது. 'வெளியேறு' என்ற இணைப்பை அழுத்தினால் 405 என்று ஒரு வெற்றுப் பக்கம். வீடியோவில் அதே இணைப்பு நன்றாக வேலை செய்கிறது. இங்கேதான் அடுக்குகளைப் பிரிக்கும் பயிற்சியை முதன்முதலாகச் செய்துபார்த்தோம். 405 என்பது ஜாங்கோவின் சொந்த எண் அல்ல. ஹெச்டிடிபியின் பொதுவான பதில். 'நீங்கள் கேட்ட முகவரி இருக்கிறது, ஆனால் கேட்ட முறையை நான் ஏற்பதில்லை' என்று பொருள். சாதாரண இணைப்பை அழுத்தினால் பிரவுசர் 'கெட்' முறையில் கேட்கும். ஜாங்கோ 5.0 முதல், வெளியேறும் பக்கம் 'போஸ்ட்' முறையை மட்டுமே ஏற்கிறது. ஆகவே இணைப்பை எடுத்துவிட்டு ஒரு சின்ன ஃபார்மும் பட்டனும் வைக்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 'கெட்' என்பது ஒன்றைப் பார்ப்பதற்கான முறை. அதனால் எதுவும் மாறக் கூடாது என்பது ஹெச்டிடிபியின் ஒழுங்கு. வெளியேறுவது ஒரு நிலை மாற்றம். பிரவுசர்கள் சில நேரம் இணைப்புகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும். வேறொரு தளம் ஒரு படத்தின் முகவரியாக நம் வெளியேறும் முகவரியைக் கொடுத்துவிடலாம். அப்போதெல்லாம் பயனர் தானறியாமல் வெளியேற்றப்படுவார். இதைக் கேட்டதும் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப புத்தகத்தை டிலீட் பண்ற இணைப்பு நான் வெச்சிருக்கேனே, அதுவும் தப்புதானா?" ஆம், அதுவும்தான். யாரும் சொல்லாமலே தன் நிரலில் இருந்த பெரிய ஓட்டையை அவரே கண்டுபிடித்தார். 405ஐச் சரிசெய்வதற்கான இரண்டு வரியை மட்டும் நான் கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

பதிப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எந்த ஃபிரேம்வொர்க்காக இருந்தாலும் முதல் நாளே, உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாடம் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பெரிய எண் பொருந்தவில்லை என்றால் அந்தப் பாடத்தைப் புதியவர் தொடக்கூடாது. பழகியவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் எது மாறியது என்று தெரியாத நிலையில் இருப்பவருக்கு அது வீண் சோதனை. ரியாக்ட் உலகிலும் இதே நிலைதான். எத்தனையோ பாடங்கள் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியோடு தொடங்குகின்றன. 2025 பிப்ரவரியில் அதை ரியாக்ட் குழுவே கைவிட்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிடம் கேட்டாலும் பழைய நிரலும் புதிய நிரலும் கலந்து வருவதுண்டு. கேள்வியிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துக் கேட்டால் பதில் கொஞ்சம் தெளிவாக வரும். வந்த பதிலை ஆவணத்தோடு ஒப்பிடுவது அப்போதும் நம் வேலைதான்.

ஜாங்கோவுக்கு ஏறத்தாழ 8 மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். சில பதிப்புகளுக்கு மட்டும் மூன்றாண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2023 ஏப்ரலில் வந்த 4.2 அப்படிப்பட்டது, 2025 ஏப்ரலில் வந்த 5.2உம் அப்படியே. மாமாவின் நூலகம் போன்ற இடத்துக்கு இந்த நீண்டகாலப் பதிப்புதான் சரி. 5.2ஐ நிறுவி, வீடியோவை மூடிவிட்டு, ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பாடத்துக்கு வந்தார். கருத்துக்கணிப்புச் செயலி ஒன்றை 8 பகுதிகளாகக் கட்டும் பாடம் அது. ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும், வீடியோபோல ஓடாது. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் ஆசிரியர்களே திருத்தி வைத்திருக்கிறார்கள் என்ற ஒன்றுக்காகவே அதைத்தான் பரிந்துரைப்பேன்.

தமிழ்த் தலைப்பு

இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றுக்கொண்ட பகுதி இதுதான்.

புத்தகத்துக்கு அழகான முகவரி வேண்டும் என்று, ஒரு வலைப்பதிவுப் பாடத்திலிருந்து 'ஸ்லக்' என்ற உத்தியை அவர் எடுத்துச் சேர்த்திருந்தார். தலைப்பை எடுத்து, இடைவெளிகளைச் சிறு கோடாக்கி, முகவரியில் போடத் தக்க ஒரு சொல்லாக மாற்றும் உத்தி. ஜாங்கோவில் அதற்கு 'ஸ்லகிஃபை' என்ற தயார் ஃபங்ஷன் உண்டு. ஆங்கிலத் தலைப்புகளைப் போட்டுச் சோதித்தார், அழகாக ஓடியது. பிறகு 'வீடு' என்ற தலைப்பில் முதல் தமிழ்ப் புத்தகத்தைச் சேர்த்தார். புத்தகப் பட்டியல் பக்கம் முழுவதும் நின்றுபோனது. அந்த ஒரு புத்தகத்தால் மற்ற எல்லாப் புத்தகங்களும் திரையில் வரவில்லை. முகவரியை உருவாக்க முடியவில்லை என்று எரர். புத்தகம் சேரவில்லையோ என்று இன்னொரு தமிழ்ப் புத்தகத்தைச் சேர்த்தார். இப்போது வேறொரு எரர்: தனித்தன்மை மீறப்பட்டது என்று.

ஒரே செயலுக்கு முதலில் ஒரு எரர், அடுத்து இன்னொரு எரர். புதியவர் ஒருவர் மனம் உடைந்துபோவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

மஞ்சள் நிறத் தலைப்போடு வரும் ஜாங்கோவின் எரர் பக்கத்தை அவர் மேலிருந்து படித்துக்கொண்டிருந்தார். எரர் வரை நிரல் வந்த வழியைக் காட்டும் பைத்தானின் டிரேஸ்பேக்கைக் கீழிருந்துதான் படிக்க வேண்டும். கடைசி வரியில் என்ன நடந்தது என்று இருக்கும், அதிலிருந்து மேலே ஏறி வரும்போது நாம் எழுதிய கோப்பின் பெயர் எங்கே முதலில் கண்ணில் படுகிறதோ அங்கே நிற்க வேண்டும். இடையில் வருகிற ஜாங்கோவின் உள் கோப்புகளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அப்படிப் படித்தபோது முதல் எரரில் ஒன்று தெரிந்தது: முகவரிக்குள் போக வேண்டிய ஸ்லக் இருக்கும் இடத்தில் வெறும் இரண்டு மேற்கோள் குறிகள். உள்ளே ஒன்றுமில்லை.

பைத்தான் ஷெல்லைத் திறந்து ஸ்லகிஃபையிடம் 'வீடு' என்று கொடுக்கச் சொன்னேன். வெற்றுச் சரம் வந்தது. அந்த ஃபங்ஷன் இயல்பாக, ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிடும். எந்தத் தமிழ்த் தலைப்பைக் கொடுத்தாலும் மிச்சம் ஒன்றுமிருக்காது. முதல் புத்தகத்தின் ஸ்லக் வெறுமை. வெறுமையை வைத்து முகவரி உருவாக்க முடியாது, ஆகவே முதல் எரர். இரண்டாவது புத்தகத்தின் ஸ்லக்கும் வெறுமை. ஸ்லக் தனித்தன்மையோடு இருக்க வேண்டும் என்று மாடலில் எழுதியிருக்கிறார், ஏற்கெனவே ஒரு வெறுமை இருக்கிறது, ஆகவே டேட்டாபேஸ் மறுத்தது. இரண்டு எரருக்கும் வேர் ஒன்று.

அவர் உடனே ஆவணத்தைப் பார்த்து, யூனிகோடை அனுமதி என்ற தேர்வு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் போட்டார். 'வீடு' என்று கொடுத்தால் 'வட' என்று வந்தது. 'வாடை' என்று கொடுத்தார். அதற்கும் 'வட'. 'தமிழ்' என்பது 'தமழ' ஆனது. "அக்கா, கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் முழுங்குது!"

இந்த இடத்தில் ஜாங்கோவை விட்டுப் பைத்தானுக்குள் இறங்க வேண்டியிருந்தது. ஸ்லகிஃபை, சொல்லுக்குரிய எழுத்து எது என்பதைப் எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனிடம் கேட்கிறது. பைத்தான் அதற்கு யூனிகோடில் எழுத்து அல்லது எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே ஏற்கும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'குறிகள்' என்ற தனி வகையில் இருக்கின்றன. 'வீடு' நம் கண்ணுக்கு இரண்டெழுத்து; கணினிக்கு வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என்ற நான்கு. அதில் இரண்டு குறிகள் வடிகட்டப்பட்டுவிட்டன. இந்தி, மலையாளம், தெலுங்குத் தலைப்புகளிலும் இதே சேதம்தான்.

இதோடு முடியவில்லை. யூஆர்எல் பாதையில் ஸ்லக் என்று வகை சொன்னால் ஜாங்கோ ஆங்கில எழுத்து, எண், கோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே பொருத்திப் பார்க்கும். ஆக, 'வட' என்று சிதைந்த ஸ்லக்கும் அந்தப் பாதையில் நுழையாது.

தீர்வாகப் பல வழிகள் உண்டு: தமிழை ஆங்கில எழுத்தாக்கும் நிரல், சொந்தமாக ஒரு ஸ்லக் ஃபங்ஷன், பாதையின் வகையை மாற்றுவது. எதையும் செய்ய வேண்டாம் என்றேன். ஒரு நூலகப் பதிவேட்டில், உள்ளே வேலை பார்ப்பவர் மட்டும் பார்க்கும் பக்கத்துக்கு அழகிய முகவரி எதற்கு? ஒவ்வொரு புத்தகத்துக்கும் டேட்டாபேஸ் தருகிற வரிசை எண் இருக்கிறது. அதை முகவரியில் போட்டால் முடிந்தது. ஸ்லக் இருந்த எல்லா வரிகளையும் அழித்தார்; நிரல் சுருங்கியது, சிக்கலும் போனது.

பாடத்தில் இருக்கும் எல்லாமே நம் வேலைக்குத் தேவை என்று எண்ணிவிடுவது புதியவர்களின் இயல்பு. பாடம் எழுதியவருக்கு வலைப்பதிவு, தேடுபொறி, ஆங்கிலத் தலைப்பு என்று ஒரு சூழல். நமக்கு வேறு சூழல். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது இல்லாவிட்டால் என் வேலை நிற்குமா என்று கேட்க வேண்டும். சொந்தச் செயலியின் சோதனைத் தரவை முதல் நாளிலிருந்தே தமிழில் போடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2' என்று போட்டுக்கொண்டிருந்தால் இந்த ஓட்டைகள் வாடிக்கையாளர் முன்னால்தான் வெளிப்படும்.

வரிசைப்படுத்துதலிலும் இதே பாடம் கிடைத்தது. பட்டியலைத் தலைப்பு வாரியாக அடுக்கினால் 'மனம்' முன்னால், 'மரம்' பின்னால் வந்தது. நம் அகரவரிசையில் ரகரம் முன்னது, னகரம் கடைசி. மாமா பட்டியலைப் பார்த்ததும் சொன்ன முதல் குறை இதுதான். அவர் பயன்படுத்திய டேட்டாபேஸான எஸ்க்யூலைட், யூனிகோடு எண்களின் வரிசைப்படி அடுக்குகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. இது டேட்டாபேஸ் அடுக்கின் வேலை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறியபோது அதிலிருக்கும் தமிழ் அடுக்குமுறையைத் தேர்ந்தெடுத்தோம்; ஜாங்கோவில் 3.2 பதிப்பிலிருந்தே அந்தப் புலத்துக்கு இன்ன அடுக்குமுறை என்று மாடலிலேயே எழுத முடியும்.

ஒரு பக்கத்துக்கு 401 கேள்விகள்

இரவல் பட்டியல் பக்கம் ஒவ்வொரு வரியிலும் புத்தகத்தின் பெயர், எடுத்தவரின் பெயர், திருப்பித் தர வேண்டிய தேதி ஆகியவற்றைக் காட்டும். பக்கத்தின் வடிவத்தை எழுதும் டெம்ப்ளேட்டில் ஒரு லூப். உள்ளே இரவலிலிருந்து புள்ளி வைத்துப் புத்தகத்துக்கும், புள்ளி வைத்து உறுப்பினருக்கும் போயிருந்தார். நிரல் படிக்க அழகு, பிழையும் இல்லை.

ஜாங்கோ டீபக் டூல்பார் என்ற துணைக்கருவியை நிறுவச் சொன்னேன். டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லில் எத்தனை கேள்விகள் போயின என்று பக்கத்தின் ஓரத்தில் அது காட்டும். 200 இரவல்களைக் காட்டும் பக்கத்துக்கு 401. பட்டியலை எடுக்க ஒன்று. ஒவ்வொரு இரவலுக்கும் புத்தகத்தைத் தேடி ஒன்று வீதம் 200. உறுப்பினரைத் தேடி இன்னொரு 200. அவருடைய மடிக்கணினியில் எஸ்க்யூலைட் கோப்பு பக்கத்திலேயே இருப்பதால் தாமதம் கண்ணுக்குத் தெரியவில்லை. டேட்டாபேஸ் வேறொரு கணினியில் இருந்து, ஒவ்வொரு கேள்வியும் நெட்வொர்க்கில் போய் வர வேண்டும் என்றால் அந்தப் பக்கம் தள்ளாடும்.

'செலக்ட் ரிலேட்டட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, புத்தகத்தையும் உறுப்பினரையும் கூடவே எடுத்து வா என்றால், ஜாங்கோ மூன்று அட்டவணைகளையும் ஜாயின் செய்து ஒரே கேள்வியில் கொண்டுவந்துவிடும். 401 ஒன்றானது. ஆனால் அந்தச் சொல்லைச் சேர்த்ததோடு நான் விடவில்லை. அந்த குவெரியை அப்படியே பிரின்ட் செய்து, ஜாங்கோ எழுதிய எஸ்க்யூஎல்லைப் படிக்க வைத்தேன். தணிக்கை அலுவலகத்தில் எக்செல்லில் வி-லுக்அப் போட்டுப் பழகியவர் அவர். ஜாயின் என்பதைப் பார்த்ததும், "ரெண்டு ஷீட்டை ஒரே நம்பரை வெச்சு சேர்க்கிறதுதானே" என்று சட்டென்று பிடித்துக்கொண்டார். தெரிந்த ஒன்றின் மீது புதியது வந்து உட்காரும்போது கற்றல் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஃபிரேம்வொர்க் எஸ்க்யூஎல்லை மறைத்துத் தருவது வசதிக்காக. அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதற்காக இல்லை. செலக்ட், வேர், ஜாயின், குரூப் பை ஆகிய நான்கும் கைக்கு வந்த பிறகு ஜாங்கோவின் மாடல் பகுதியைப் படித்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

மைக்ரேஷன், நேரம், வெளியீடு

மாடலில் செய்த மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் மைக்ரேஷனில் அவர் செய்துகொண்டிருந்தது ஆபத்தான பழக்கம். ஏதாவது எரர் வந்தால் மைக்ரேஷன் கோப்புகளையும் டேட்டாபேஸையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பல வீடியோக்களில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். சோதனைத் தரவு இருக்கும்வரை பாதகமில்லை. மாமாவின் உறுப்பினர் பட்டியல் உள்ளே வந்த பிறகு அப்படிச் செய்ய முடியாது. உறுப்பினருக்குத் தொலைபேசி எண் என்று ஒரு புலத்தைச் சேர்த்தபோது, ஏற்கெனவே இருக்கும் வரிகளுக்கு என்ன மதிப்பு வைப்பது என்று ஜாங்கோ கேட்டது. என்ன கேட்கிறது என்று படிக்காமல் 1 என்று அடித்து, மறுபடியும் 1 என்று அடித்தார். எல்லா உறுப்பினரின் தொலைபேசி எண்ணும் 1 ஆகிவிட்டது. அந்தக் கேள்வி கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் வந்ததால் அதையும் ஒரு எரராக எண்ணிவிட்டார். திரையில் வருவது எரரா, எச்சரிக்கையா, கேள்வியா என்று பார்த்துவிட்டு விசைப்பலகையில் கை வைப்பது மிக எளிய பழக்கம். ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

காலை 10 மணிக்குக் கொடுத்த புத்தகம் 4:30 என்று பதிவாகித் தெரிந்தது. புது ப்ராஜெக்ட்டின் செட்டிங்ஸ் கோப்பில் நேர மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்றுதான் இருக்கும்; நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஆசியா/கொல்கத்தா என்று மாற்றினால் சரி. டேட்டாபேஸுக்குள் யூடிசியிலேயே சேமிக்கப்படும், காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாறும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

வெளியீட்டில் வழக்கமான மூன்றும் வந்தன. எரர் விவரங்களைத் திரையில் காட்டும் டீபக் அமைப்பை அணைத்ததும் 400 என்ற எரர். எந்தப் பெயரில் தளம் இயங்கும் என்று 'அலவ்ட் ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் எழுதவில்லை. அதைச் சேர்த்ததும் பக்கம் வந்தது, வண்ணமும் வடிவமும் வரவில்லை. டீபக் இயங்கும்போது சிஎஸ்எஸ் கோப்புகளை ஜாங்கோவின் சோதனை சர்வரே பரிமாறிக்கொண்டிருந்தது. வெளியீட்டில் அந்தப் பொறுப்பை வேறொன்றுக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒயிட்நாய்ஸ் என்ற தொகுப்பைப் பயன்படுத்தினோம். மூன்றாவது, ரகசியச் சாவி கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி கிடந்தது. சாவியை மாற்றி, சூழல் மாறியாக வெளியே எடுத்து வைத்தார். கமிட்டிலிருந்து அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும், சாவியை மாற்றியே ஆக வேண்டும்.

டீபக்கை அணைத்து ஓட்டிப் பார்ப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். 'வணக்கம்' என்று ஒரு வரி காட்டும் பக்கம் தயாரானதுமே அதை வெளியே ஏற்றிப் பாருங்கள். அப்போது இந்த மூன்றும் தனியாக வரும்; மற்ற சிக்கல்களோடு கலந்து குழப்பாது.

அவர் படிக்கும் முறையில் மாற்றியவை

தினமும் வேலை முடித்து வந்து இரவில் படிப்பவர். வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே தட்டச்சு செய்வது படிப்பதுபோலத் தோன்றும், ஆனால் மறுநாள் காலிக் கோப்புறையைக் கொடுத்தால் கை நகராது. அதனால் ஒரு பயிற்சி வைத்தோம். அதிகாரபூர்வப் பாடத்தின் ஒரு பகுதியை முடித்ததும், அடுத்த நாள் அதை மூடிவிட்டு, நூலகத்தின் மாடல்களை வைத்து அதே வேலையை நினைவிலிருந்து எழுத வேண்டும். முட்டும் இடத்தில் மட்டும் பாடத்தைத் திறக்கலாம். முதலில் ஒவ்வொரு வரிக்கும் திறந்தார். போகப் போக, பிரவுசர் கேட்டதிலிருந்து யூஆர்எல், வியூ (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் நிரல்), மாடல், டெம்ப்ளேட் என்று ஒரு கோரிக்கை நடக்கிற வழியைப் பேனாவால் வரைந்து காட்டும் நிலைக்கு வந்தார். அந்தப் படம் மனதில் பதிந்த பிறகுதான் கிளாஸ் அடிப்படையிலான வியூக்களைத் தொட அனுமதித்தேன். அவை வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் எந்த மெத்தட் எப்போது ஓடுகிறது என்று தெரியாதவருக்கு அது மூடிய பெட்டி. ஃபங்ஷனாக எழுதும் வியூவில் எல்லாம் கண்முன் இருக்கும். தொடங்குபவர் அதிலேயே சில காலம் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. எதிர்க்கருத்து உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஜாங்கோ ஆவணத்தில் பாடம், தலைப்பு விளக்கம், செய்முறை, குறிப்புதவி என்று நான்கு வகை இருக்கிறது. அவர் தேடுபொறி வழியாக ஒவ்வொரு முறையும் குறிப்புதவிப் பக்கத்திலேயே போய் விழுந்து, அடர்த்தியைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுவார். ஒரு விஷயத்தை முதல்முறை படிக்கும்போது தலைப்பு விளக்கத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே தெரிந்ததன் நுணுக்கத்தைப் பார்க்கத்தான் குறிப்புதவி. இதைச் சொன்ன பிறகு ஆவணத்தின் மீதிருந்த பயம் குறைந்தது.

என்னிடம் கேள்வி கேட்கும் விதமும் மாறியது. முன்பு திரையைக் கைபேசியில் படம் எடுத்து, பாதி எரர் வெட்டுப்பட்டு அனுப்புவார். பிறகு எழுத்தாகவே முழு டிரேஸ்பேக், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்த அடுக்கு என்று அவர் நினைக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்து வந்தது. அடுக்கைத் தவறாகச் சொன்ன நாட்களும் உண்டு. அதனால் பாதகமில்லை, ஒரு ஊகம் இருந்தால் அதைச் சோதிக்கலாம். பல கேள்விகளை எழுதி முடிப்பதற்குள் விடை கிடைத்து, அனுப்பாமலே விட்டிருக்கிறார். "அக்கா, மேட்டர் முடிஞ்சுது" என்று மட்டும் வரும்.

ரியாக்ட்டையும் பின்னர் தொட்டுப் பார்த்தார். பக்கம் திறந்ததும் ஒரே கோரிக்கை சர்வருக்கு இரண்டு முறை போவதைப் பார்த்துவிட்டு, நிரல் தவறோ என்று கேட்கவில்லை. இது ரியாக்ட் செய்வதா, பிரவுசர் செய்வதா என்று கேட்டார். ரியாக்ட் 18 முதல், ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை அமைப்பில் எழுதும்போது விளைவுகளை (எஃபெக்ட்: திரை வந்த பிறகு ஓடும் நிரல்) வேண்டுமென்றே ஒருமுறை கூடுதலாக ஓட்டிப் பார்க்கும். துப்புரவு வேலை ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பதற்காக. வெளியீட்டுக்குப் போகும் நிரலில் அது நடக்காது. ஆவணத்தில் அதை அவரே தேடி எடுத்தார்.

நூலகத்தில் இப்போது செயலி ஓடுகிறது. மாமா இன்னும் நீள நோட்டிலும் எழுதுகிறார், நம்பிக்கை வரும்வரை எழுதட்டும் என்று விட்டுவிட்டோம். அபராதக் கணக்குக்கு மட்டும் டெஸ்ட்டுகள் எழுதியிருக்கிறார்: தாமதமில்லாத நாள், ஒரு நாள் தாமதம், மாதக் கடைசி, பிப்ரவரி 29. அடுத்த நீண்டகாலப் பதிப்பு வரும்போது மேம்படுத்த வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் பைத்தானை எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டும்படி வைத்து இந்த டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எது நீக்கப்படப்போகிறது என்று ஜாங்கோ முன்கூட்டியே அதில் சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் வருவதைத் திருத்தும் வேலையை அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார்.